நந்தினிக்கு ஒரு டவுட்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கும்மிடிப்பூண்டியில் பள்ளிக்கூட வேலை முடிந்து நான் மீஞ்சூருக்குத் திரும்பும் மாலை வண்டியில், பெண்கள் பெட்டியில், நந்தினி பல நாட்களாகத் துண்டு துண்டாகச் சொன்னது. "எழுதிடாதீங்கக்கா" என்றும் சொல்லியிருந்தாள். எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உலகமயமாக்கலின் இரும்புக் கரங்கள் சிப்காட் தொழிற்பேட்டையை..."

(வேண்டாம். இதைப் படித்தால் நந்தினி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள்.)

2

அவளுக்கு இருபத்தாறு வயது. தண்ணீர் பம்புக்கு மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காண்ட்ராக்ட்தான். ஏப்ரலில் நிரந்தரம் என்று மேனேஜர் பாக்கியநாதன் சொல்லி மூன்று ஏப்ரல்கள் போய்விட்டன. தலைமை அலுவலகம் ஜெர்மனியில். பேச்செல்லாம் கம்ப்யூட்டர் வழியாக.

ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனியின் எல்லா நாட்டுக்காரர்களும் இருக்கும் குழுவில், ஒரு மூடியின் வரைபடத்தைப் போட்டு அவள் எழுதினாள்: "ஐ ஹேவ் ஒன் டவுட் இன் திஸ் டிராயிங்."

[இங்கே ஒரு கட்டுரை எழுத ஆசை. நமக்கு டவுட் என்றால் கேள்வி. வகுப்பில் கை தூக்குவது. அவர்களுக்கு அது அவநம்பிக்கை. மாப்பிள்ளையைப் பற்றி அவன் தெருவிலேயே போய் விசாரிப்பது. கட்டுரை இவ்வளவுதான்.]

பெர்ன்ட் என்ற தலைமைப் பொறியாளர் உடனே கேட்டார்: உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை என்ன? பெரிய மனிதரைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று பதறிய நந்தினி எழுதினாள்: "நோ பேசிஸ் சார். சிம்ப்ளி டவுட்."

அடிப்படையே இல்லாமல் சந்தேகப்படத் துணிகிறாள் என்றால் ஏதோ பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். சாயங்காலத்துக்குள் நான்கு நாடுகளில் அந்த மூடி செய்வது நின்றுபோனது.

3

பாக்கியநாதன் வியர்த்து வழிய ஓடி வந்தார்.

"இன்னாம்மா கேட்டுத் தொலைச்ச?"

"டிராயிங்ல போட்டிருக்கற ஓட்டை அளவு பெயிண்ட்டுக்கு முன்னாடியா, பின்னாடியானு கேக்கலாம்னு இருந்தேன் சார். இன்னும் கேக்கவே இல்ல."

மறுநாள் வீடியோ மீட்டிங். இன்னும் சந்தேகம் இருக்கிறதா, ஆமாமா இல்லையா என்று கேட்டார் பெர்ன்ட். நந்தினி தலையை ஆட்டினாள். நாம் ஆட்டுவோமே, இரண்டு தோளுக்கும் நடுவில், அப்படி. அந்தப் பதிவை ஜெர்மனியில் ஒன்பது பேர் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து பேர் ஆமாம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதினார்.

(நம்ப வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கம்பெனி மருத்துவர் கொடுத்த கழுத்துப் பட்டையை அவள் பையில் பார்த்தேன்.)

4

பெர்ன்டை ஒரு கோமாளியாக எழுதி வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது நந்தினி ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு நல்ல மனுசன்க்கா. கேட்டுக்கினு போலாம்னு நேரா வந்துட்டாரு." அதனால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

அளவுக் கருவிகள் நிறைந்த மூன்று பெட்டிகளோடு அவர் வந்து இறங்கினார். நந்தினி வரைபடத்தை விரித்து, பெயிண்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, தனக்குத் தெரியாது என்றார்.

பதினான்கு வருடங்களாக அந்த வரைபடத்தில் அதை யாரும் எழுதவில்லை. பெயிண்ட் ஏறினால் ஓட்டை சிறுத்துவிடும்; நான்கு நாடுகளும் தத்தம் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தன. பம்புகள் ஒழுகின, பழி மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் வளையத்தின் மேல் விழுந்தது.

தவறு என்று நேராகவே எழுதியிருக்கலாமே என்று பெர்ன்ட் கேட்டார்.

"பெரியவங்க போட்ட டிராயிங்க தப்புனு எப்டி சார் எழுதறது?"

பாக்கியநாதன் இதை ஆங்கிலத்தில், அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் என்று மொழிபெயர்த்தார். பெர்ன்ட் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

5

இதுவரை நிதானமாக எழுதினேன். இனி எழுதுவது, வண்டியிலிருந்து இறங்கியதும் மீஞ்சூர் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து.

இன்று ஜெர்மனியிலிருந்து நந்தினிக்கு மெயில் வந்திருக்கிறது. வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு, நிரந்தர வேலை. சம்மதமா என்பதை ஆறு மணிக்குள் ஒரே வரியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வண்டியில் அவள் தட்டி வைத்திருந்ததைக் காட்டினாள்: "ஐ வில் ட்ரை மை லெவல் பெஸ்ட் சார்."

முயற்சி செய்கிறேன் என்றால் அவர்களுக்கு அது பாதி மறுப்பு. வெறும் யெஸ் என்று போடச் சொன்னேன்.

"வெறும் யெஸ்ஸா? திமிரு புடிச்சவனு நெனைக்க மாட்டாங்க?"

முடிவு அ: அவள் அப்படியே அனுப்புகிறாள், வேலை வேறொருவருக்குப் போகிறது. முடிவு ஆ: யெஸ் போடுகிறாள், இரவு முழுக்க மன்னிப்புக் கேட்டு மெயில்கள் அனுப்புகிறாள், அவர்கள் குழம்பிப்போய்... முடிவு இ: பெர்ன்ட் மறுபடியும்...

"கதை எழுதறவங்கதானேக்கா, பணிவா இருக்கணும், தெளிவாவும் இருக்கணும். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

இருபது வருடமாக எழுதுகிறேன். ஒரு வார்த்தை வரவில்லை. மீஞ்சூர் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

வண்டி நந்தியம்பாக்கத்தை நெருங்கியிருக்கும். அவள் அத்திப்பட்டு வரை போவாள். ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது; நீங்கள் இதைப் படிக்கும்போதும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அவள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். போனை நீட்டுவாள்.