தலைகீழாகப் போட்ட ஹாப்ஸ்

கடிகாரத்தைத் தலைகீழாக ஓட்டி, ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல், நியூ ஜெர்சியிலேயே தலைசிறந்த பியரைக் காய்ச்சியவன் நான். அதன் வாசனை தாங்காமல் ஒரு நடுவர் நாற்காலியோடு சாய்ந்தார். நம்ப மாட்டீர்கள். என் மாப்பிள்ளை நவநீத்தும் நம்பவில்லை.

பிஸ்கட்டவே ஊரில், அவர்கள் வீட்டு கராஜில் பியர் காய்ச்சுவது அவர்தான். கிளப் போட்டியில் இரண்டு வருஷமாக ஒரே தீர்ப்பு: ரொம்பக் கசப்பு. “இந்தத் தடவையும் தோத்தா அண்டாவை வித்துட்டு என் காரை உள்ளே நிறுத்திப்பேன்” என்று என் பெண் அனன்யா சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அண்டா கொதிக்க ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்கு ஆபீஸிலிருந்து போன். சர்வர் படுத்துவிட்டதாம். பியரில் போடும் ஹாப்ஸ் உருண்டைகள் மூன்று கவர்களில் இருந்தன. மேலே நம்பர்: 60, 15, 0. அறுபதுதான் இருப்பதிலேயே கனமான கவர்.

“மாமா, ஒரு மணி நேரம் கொதிக்கணும். கவர்ல இருக்கற நிமிஷத்துல போட்டுடுங்கோ, ப்ளீஸ்!” மாடிக்கு ஓடினார்.

ரயில்வே கண்ட்ரோல் ரூமில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா? உடனே சீரோ. பதினைந்தாவது நிமிஷம் பதினைந்து. கடைசியாக அறுபதைப் போட்டு அடுப்பை அணைத்தேன். ஒரு செகண்ட் பிசகவில்லை.

இறங்கி வந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

“மாமா! அது கவுண்ட்டவுன்! இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கியோ அந்த நம்பர்! முதல்ல போடறது கசப்புக்கு, கடைசியில போடறது வாசனைக்கு!”

“பின்னாடி போற டைம்டேபிளை நான் பார்த்ததே இல்லையே, மாப்பிள்ளை.”

முறைத்துப் பார்த்தவர் திடீரென்று சிரித்தார். “கதை விடறேள். போன வாரம் கரடியை முறைச்சே விரட்டினேன்னு சொன்னேளே, அந்த மாதிரி.”

நிஜமாகவே விரட்டினேன். அது வேறு விஷயம்.

மூன்று வாரத்தில் முதல் பரிசு! ‘கசப்பு அளவு, வாசனை ஆளைத் தூக்குகிறது’ என்று நடுவர் எழுதியதைப் படித்து நவநீத் திறந்த வாயை வீடு திரும்பும் வழியில் எடிசன் டோல்கேட் வரும்வரை மூடவில்லை. அண்டா பிழைத்தது. கிளப் பிக்னிக்குக்கு அதே பியர் வேண்டும் என்றார்கள். இவர் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, கவுண்ட்டவுன்படியே காய்ச்சினார். ஆறின பிறகு ஒரு மடக்கு குடித்தார். பழைய கசப்பு.

“அதே ஹாப்ஸ், அதே அண்டா! எப்படி?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்பாதான் அன்னிக்கே சொன்னாரே” என்றாள் அனன்யா. “கராஜ் கேமரால பார்த்துடலாமே. அழிஞ்சிருக்காது.”

மாப்பிள்ளையின் போனில் பார்த்தோம். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்க, கொதிக்கிற அண்டாவில் சீரோ கவரைக் கவிழ்க்கிறேன். நவநீத் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். போன் கையிலிருந்து நழுவியது.

“சீரோதான் முதல்ல” என்றார். “நீங்கோ சொன்னது நிஜமாவே நடந்திருக்கு, மாமா.”