தலைவி அள்ளிய தண்ணீர்

மாலையைப் போட்ட ஊர்ச் சங்கச் செயலாளர் தில்லைநாதன், விரல் நுனிகூட அவள் மேலில் படாமல் கையை இழுத்துக்கொண்டதைச் சுப்பம்மா கவனித்தாள். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார் மனிசன். 

எழுபத்தேழு இனக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடிவந்து, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய நாள் முதல், அவளுடைய பகுதிப் பெண்கள் ஊர்க்கிணற்றில் வாளி போட முடியாது; தோட்டக்காட்டார் தொட்டால் தீட்டாம். குடத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஊர்க்காரர் யாராவது மனமிரங்கி அள்ளி, எட்ட நின்று வார்த்தால் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

கிணறு கட்டித் தருவதற்கென்று ஓர் அமெரிக்கப் பெண் ஜீப்பில் வந்தாள். அவளுடைய மாநிலத்துக்குக் கவர்னரே ஒரு பெண்ணாம். ஊர்ச் சபையில் தொடங்கி, சட்டசபைக்குப் போய், ஆம்பிளைகளைத் தோற்கடித்து அந்தப் பதவிக் கதிரையில் ஏறினவளாம். இங்கேயும் சங்கத்துக்கு ஒரு பெண் தலைமை தாங்கினால்தான் உதவி என்று சொல்லிவிட்டாள். தங்கள் வீட்டுப் பெண்களைச் சபையில் இருத்த ஊர் ஆம்பிளைகளுக்கு மனம் வரவில்லை. தில்லைநாதன் சுப்பம்மாவின் வேலிப் படலைக்கு வந்தார்.

"நீ தலைவியா இரு, சுப்பம்மா. கிணறு உங்கட பக்கந்தான்."

"அந்தக் கவர்னரம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்களா, ஐயா?"

"ஓம் ஓம், வேறென்ன!"

நம்பிவிட்டாள். இப்போது நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கிணற்றுக்கு இடம் குறித்து முளை அடித்தது அவளுடைய பகுதியில்தான். ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி? படம் எடுத்துக்கொண்டு ஜீப் போனதும், முளை தில்லைநாதனின் மிளகாய்த் தோட்டத்து ஓரத்துக்குப் போய்விட்டது. கேட்கப் போனவளிடம், "எங்க வெட்டினா என்ன? குடத்தோட வந்து நில், வாத்துவிடுறம்" என்றார்.

இன்று அந்தக் கிணற்றுக்குத் திறப்பு விழா. ஜீப் மறுபடி வந்து நின்றது. ஜீப் நின்றால் மரியாதையும் தானாக வரும்.

"கயித்தை மட்டும் தொடுங்கோ, தலைவி. மிச்சத்தை நாங்கள் பாப்பம்," என்று தில்லைநாதன் காதோடு சொன்னார்.

சுப்பம்மா கயிற்றைப் பிடித்தாள். விடவில்லை. கப்பி கிறீச்சிட வாளியை இறக்கி, நிறைய அள்ளி இழுத்தாள். வாளி விளிம்பில் வாயை வைத்து மடமடவென்று குடித்தாள். மிச்சத் தண்ணீரோடு வாளியைத் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டாள். ஊர் ஆம்பிளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். அமெரிக்கப் பெண் கைதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? வேறு வழியில்லாமல் அவர்களும் தட்டினார்கள்.

சுப்பம்மா மறுபடி அள்ளி, செம்பில் ஊற்றி, தில்லைநாதனிடம் நீட்டினாள்.

"குடிங்க ஐயா. நம்ம ஊர்க் கெணறு."

அமெரிக்கப் பெண் கமராவைத் தூக்கினாள். தில்லைநாதன் செம்பை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். சிரிப்பு அப்படியே இருந்தது. தொண்டை அசையவில்லை. செம்பிலிருந்து தண்ணீர் அவருடைய வெள்ளைச் சால்வையில் சொட்டிக்கொண்டிருந்தது.