வீடு பார்க்க வந்த கூட்டம்

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ பக்கத்துத் தமிழர்களில் யாருக்கு வாடகை வீடு வேண்டுமென்றாலும் டெலிபோன் செய்வது அல்பிரட்தான். அது எழுதாத சட்டம். பஞ்சலிங்கம் என்று பெயர் சொன்னால் மறுமுனையில் ஒரு பெருமூச்சு, பிறகு "வீடு இல்லை". அல்பிரட் என்று சொன்னால் "எப்போது வருகிறீர்கள்?" போதாததற்கு யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷ் வேறு. கேட்கிறவன் ஏதோ லண்டன் துரை வரப்போகிறார் என்று வாசலில் காத்து நிற்பான். கறுப்பாய், மீசையோடு அல்பிரட் போய் இறங்கியதும் அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! ஆனாலும் வரச்சொல்லிவிட்ட தோஷத்துக்குப் பாதிப் பேர் வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பாதியை நம்பித்தான் எல்லோர் பிழைப்பும் ஓடியது.

இந்த ஏற்பாட்டில் அல்பிரட்டின் மனைவி தவமலருக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

"தவம், வீட்டுக்காரர் ஆரும் கோல் எடுத்தா நீர் கதைக்காதையும். உம்மட பேரைக் கேட்டா காரியம் கெட்டுப்போயிடும்" என்று அவன் மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னால் வலிக்காதா? கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு லேபையே கட்டி மேய்த்தவள், சொந்த வீட்டில் போன் மணி அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் அவளுக்கு நியூ பிரன்ஸ்விக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அவளுக்கோ டிரைவிங் தெரியாது. அவர்கள் குடியிருந்த பேஸ்மென்ட் பக்கம் பஸ் எட்டிக்கூடப் பார்க்காது. ரயிலடிக்குப் போகிற பஸ் நிற்பது ஒரே ஒரு அபார்ட்மென்ட் வாசலில். அங்கே இடம் கிடைத்தால் வேலை உண்டு. கிடைக்காவிட்டால், பேஸ்மென்ட் ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருஷம்.

அல்பிரட் போன் செய்தான். இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலி, உடனே வரலாம் என்றார்கள். இருவரும் உடுத்திக்கொண்டு போய் நின்றதும் மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். "அடடா, இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்றார். அன்று மாலையே அல்பிரட்டின் ஆபீஸில் வேலை பார்க்கும் டோரதி என்ற வெள்ளைக்கார அம்மாள் போன் செய்து கேட்டாள். வீடு காலியாகத்தான் இருந்தது.

டோரதிக்கு முகம் சிவந்துவிட்டது. "இதற்குச் சட்டம் இருக்கிறது, அல்பிரட். ஆனால் ஒருவருக்கு மறுத்தால் தற்செயல் என்பான். சனிக்கிழமை உங்கள் ஆட்கள் தனித்தனியாகப் போகட்டும், கடைசியில் நான் போகிறேன். ஒரே ஒரு விஷயம்: யாருக்கும் யாரையும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும்" என்றாள்.

தெரியாத மாதிரி! பாவம், டோரதிக்குத் தமிழர்களைத் தெரியாது.

சனிக்கிழமை காலை அல்பிரட்டும் தவமலரும் பார்க்கிங் ஓரத்தில் காருக்குள் பதுங்கியிருந்தார்கள். முதலில் யாழ்ப்பாணத்துப் பஞ்சலிங்கம் உள்ளே போனான். அடுத்து மதுரைக்காரர் தேவநேசன். அதற்கடுத்து சென்னைப் பசுபதியும் அவர் மனைவி ஸ்வர்ணாவும், கையில் குழந்தையோடு. போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். திட்டப்படி அவரவர் காரில் ஏறி அவரவர் வழியே போயிருக்க வேண்டும். ஆனால் ஸ்வர்ணா காரின் டிக்கியைத் திறந்துவிட்டாள். அதற்குள் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் புளியோதரை.

"பஞ்சலிங்கம், எங்க ஓடறீங்க? இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிட்டு வந்தீங்க, சாப்பிட்டிருக்கவே மாட்டீங்க. தேவநேசன் அங்கிள், நீங்களும் வாங்கோ!" என்றவள், நேரே வந்து தவமலரின் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "என்ன தவமலர், திருடி மாதிரி ஒளிஞ்சிண்டு? தட்டைப் பிடிங்கோ."

"அக்கா, எங்களைத் தெரியாத மாதிரி..." என்று தவமலர் கெஞ்சினாள்.

"தெரியாதவான்னா பசிக்காதா?"

அதற்கு மேல் பேச வழியில்லை. பார்க்கிங்கில் பேப்பர் தட்டுகள் கைமாறின.

"எனக்குச் சீலிங் ஒழுகுதாம்" என்றான் பஞ்சலிங்கம்.

"சீலிங்கா? எங்கிட்ட கிறிஸ்துமஸ் வரைக்கும் பெயின்ட் வேலைன்னானே!" என்றார் தேவநேசன்.

"எங்களுக்குக் குழந்தை இருக்கப்படாதாம்" என்றாள் ஸ்வர்ணா. குழந்தை அப்பளத்தை நொறுக்கிச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கதவு திறந்தது. கடைசியாகப் போன டோரதிக்கு வீட்டைக் காட்டிவிட்டு மேனேஜர் அவளோடு வெளியே வந்தார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி டோரதி வாங்கிய சாவி அவள் கையில் தொங்கியது. பஞ்சலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தட்டை உயர்த்தி, "டோரதி, கம், கம்!" என்று கூவினான்.

மேனேஜர் பேயறைந்தவர் போல நின்றார். காலையிலிருந்து அவர் அவிழ்த்துவிட்ட பொய்களெல்லாம் ஒன்றாய்க் கூடி நின்று புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

திட்டம் பாழ் என்று அல்பிரட் தலையில் கைவைத்தான். தவமலருக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"என் பெயர் தவமலர். எங்களிடம் வீடு போய்விட்டது என்றீர்கள். இவரிடம் ஒழுகுகிறது, அவரிடம் பெயின்ட், இவளிடம் குழந்தை. இந்த அம்மாவிடம் மட்டும் சாவியே கொடுத்திருக்கிறீர்கள். எது உண்மை என்று நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லிக் கையை நீட்டினாள். டோரதி சாவியை அந்தக் கையில் வைத்தாள்.

எல்லோரும் மாடியேறினார்கள். தேவநேசன் சுவரைத் தடவினார், பெயின்ட் காய்ந்திருந்தது. பஞ்சலிங்கம் சீலிங்கை அண்ணாந்து பார்த்தான், ஒரு பொட்டு ஈரமில்லை. குழந்தை அறைக்கு அறை ஓடியது. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் தவமலருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நடந்ததை நாளை மறுநாள் அரசாங்க ஆபீஸில் சொல்வதாகத்தான் இருந்தேன்" என்றாள் டோரதி, தட்டை வழித்துக்கொண்டே.

மேனேஜர் அசடு வழிந்தார். "திங்கட்கிழமை வாருங்கள், கையெழுத்துப் போடலாம்."

"திங்கட்கிழமை நீங்கள் மனசு மாறிவிடுவீர்கள். இப்போதே போடுகிறேன்" என்றாள் தவமலர்.

போட்டாள்.

இலை உதிரும் காலத்தில் அதே கட்டடத்தில் இன்னொரு வீடு காலியானது. பஞ்சலிங்கம் ஓடிவந்தான்.

"அண்ணை, ஒருக்கா உங்கட பேரில கோல் எடுங்கோவன்."

அல்பிரட் டெலிபோனை எடுத்தான். பிறகு தவமலரிடம் நீட்டினான்.

"நீரே கதையும்."

அவள் எண்களைச் சுழற்றினாள். "நான் தவமலர். எங்கள் நண்பருக்கு அந்த வீடு வேண்டும். அவர் பெயர் பஞ்சலிங்கம். ஆமாம், முழுப் பெயரும்தான். எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதி முடித்த மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அவர் தனியாக வருவாரா, இல்லை சாப்பாட்டோடு வருவாரா?"

"அது நீங்கள் சொல்லப்போகிற பதிலைப் பொறுத்தது" என்றாள் தவமலர்.