பேர் கேட்டால் என்ன சொல்லுவாய்?

விமானம் காலை எட்டரைக்கு. ரொறொன்ரோவில் அவர்கள் இருக்கும் வோபர்னிலிருந்து விமான நிலையத்துக்கு அந்த நேரத்தில் முக்கால் மணித்தியாலம் தாராளம். ஆனால் சச்சிதானந்தன் விடியமுன்னமே மனைவியையும் மகளையும் காரில் ஏற்றிவிட்டார். மனுசன் இரவு முழுக்க நித்திரை கொண்டதாகத் தெரியவில்லை.

மகள் அட்சயாவுக்குப் பதினாறு வயது. மாணவர் பரிமாற்றத்தில் மூன்று கிழமை இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறாள். பிறகு அங்கேயுள்ள பிள்ளையொன்று இவர்கள் வீட்டுக்கு வரும். பன்னிரண்டு பிள்ளைகள், கூட ஒரு ரீச்சர். விமான நிலையத்தில் மற்றத் தகப்பன்மார் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் மகளை ஒரு தூணோரம் இழுத்துவைத்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"உன்ர பேர் என்ன?"

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்."

"லண்டனில ஒபிசர் கேப்பான். சொல்லு."

"அட்சயா சச்சிதானந்தன்."

"உப்பிடி ஓடி ஓடிச் சொல்லக் கூடாது. ஆளின்ர கண்ணைப் பாத்துச் சொல்லோணும். பிறந்த திகதி?"

இரண்டு கிழமையாக இதே பாடம்தான். சாப்பாட்டு மேசையிலும் கேள்வி, காருக்குள்ளும் கேள்வி. போதாக்குறைக்கு ஒரு தடித்த ஃபைல். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் சரி. வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியும், அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டையும் எதற்கு?

"அவளுக்கு அவளின்ர பேர் தெரியாதே?" என்று மனைவி ரதி சீறினாள். "உங்களோட பெரிய கரைச்சலப்பா."

கேட்க விசர்க்கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் சச்சிதானந்தன் இருபத்தொரு வயதில் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அவர் கையில் இருந்தது ஜூலியஸ் என்ற வேறொருவரின் பாஸ்போட். ஜூலியஸின் பிறந்த திகதி, தாயின் பேர், தெருவின் பேர் எல்லாவற்றையும் ஒரு மாதமாக இருந்து பாடமாக்கியிருந்தார். லண்டனில் விமானம் மாறும்போது ஒரு அதிகாரி ஒரேயொரு கேள்வி கேட்டார். அதோடு எல்லாம் முடிந்தது. பதினொரு மணித்தியாலம் ஒரு அறையில் இருத்தி வைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். ரொறொன்ரோ வந்து சேர மேலும் இரண்டு வருடம் அலைந்தார்.

ஜூலியஸ் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோபம் வந்தால் ரதி அவரை அந்தப் பேரால்தான் கூப்பிடுவாள். ஆனால் அந்தக் கேள்வி என்னவென்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. "பிடிச்சிட்டாங்கள்" என்ற ஒற்றைச் சொல்லோடு கதையை முடித்துவிடுவார்.

ரீச்சர் எல்லோரையும் கூப்பிட்டார். அட்சயா பாஸ்போட்டைத் திறந்து பார்த்தாள், மூடினாள், பிறகும் திறந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா, என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களோ?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சச்சிதானந்தனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு," என்றார்.

பிள்ளை அழுவாரைப்போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன்னுடைய பயத்தையும் சேர்த்தல்லவா அவளின் தோளில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"சரி, வீட்ட போவம்," என்றாள் ரதி.

"நீ போ. நான் நிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"அவளைத் திருப்பி அனுப்பினா ஆரும் இஞ்ச நிக்கோணுமெல்லோ."

"அனுப்பினாலும் நாளைக்குத்தானேயப்பா வந்து சேருவாள்?"

"தெரியும்."

ரதி நன்றாக ஏசத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

அப்படியே ஏழு மணித்தியாலம். வருகிற வாசலுக்கு முன்னால் ஆட்கள் பலூனோடு வந்தார்கள், பூவோடு வந்தார்கள், தங்கள் ஆட்களைக் கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் மட்டும் யாரும் வந்துவிடக் கூடாது என்று காத்திருந்தார்கள்.

ரொறொன்ரோ நேரம் மூன்று இருபதுக்கு விமானம் லண்டனில் இறங்கிவிட்டதென்று ஃபோன் காட்டியது. பத்து நிமிடம் போனது. இப்போது வரிசையில் நிற்பாள் என்று நினைத்தார். இருபது நிமிடம். இப்போது கேட்பான். நாற்பது நிமிடமாகியும் அழைப்பு இல்லை. அந்த அறை அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது. நிலத்தோடு பூட்டிய நீலக் கதிரை, அதில் ஃபைலை மடியில் வைத்தபடி அட்சயா. அவர் எழும்பப் பார்த்தார். ரதி அவரின் கையை அழுத்திப் பிடித்தாள்.

ஃபோன் அடித்தது.

"அப்பா! ஒருத்தருமே இல்லை!" அட்சயா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இல்லை? எங்க நிக்கிறாய்? ரீச்சர் எங்க?"

"வெளியில வந்திட்டம். ஒரு பெடியன்ர சூட்கேஸ் வர லேற். ஒபிசரே இல்லையப்பா, மெஷின்தான். பாஸ்போட்டை வைச்சன், கமெராவைப் பாத்தன், கேட் திறந்திட்டுது."

"பேர் கேக்கேல்லையோ?"

"மெஷின் எப்பிடியப்பா கேக்கும்? இட் ஜஸ்ட் ஓப்பின்ட்."

சச்சிதானந்தன் கண்ணைத் துடைத்தார். ரதியும் துடைத்தாள். அந்தப் பக்கம் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் அட்சயா. குரலில் இப்போது சிரிப்பில்லை. "உங்களிட்ட என்ன கேட்டவங்கள்?"

ரதி நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் எத்தனையோ தரம் கேட்டுக் கைவிட்ட கேள்வி அது.

"பேர்தான் கேட்டவன்," என்றார் அவர். "கோபமாக்கூடக் கேக்கேல்லை. நல்ல மரியாதையா, சிரிச்சுக்கொண்டு கேட்டான்."

"நீங்கள் ஜூலியஸ் எண்டு சொல்லேல்லையோ?"

"ஒரு மாதமாப் பாடமாக்கினது, பிள்ளை. அவன் சிரிச்ச உடன எல்லாம் மறந்துபோச்சு. சச்சிதானந்தன் எண்டு சொல்லிப்போட்டன்."



"அது உங்கட பேர்தானே, அப்பா."

"ஓம்," என்றார். "என்ர பேர்தான்."