வாகை மரத்தின் மறுபக்கம்

நாட்டின் தீவனப் பஞ்சம் இன்று காலையோடு ஒழிகிறது என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. ஒழிக்க வந்தவர் டாக்டர் எரிக். அடிமரத்தின் சுற்றளவை வைத்தே, மரத்தில் ஆட்டுக்கு எத்தனை கிலோ தழை தேறும் என்று சொல்லிவிடும் சூத்திரம் அவருடையது.

பழைய தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் நின்ற அந்த வாகை மரம் கைக்கு அடங்காதது. டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சுற்றி வந்தாக வேண்டும். அங்கே தரை உள்வாங்கியிருந்தது.

“ஏம்மா, நீ கொஞ்சம் போய் வாயேன்” என்றார், ஆடு மேய்க்கும் மங்கம்மாவிடம்.

“நா மாட்டேன் சார். கீழ பழைய ஷாஃப்ட்டு, சுரங்கக் குழி. போன மழைல என் ஆடு ஒண்ணு உள்ள போச்சு, சத்தமே வரல. இன்னா சார் பயம்? டாக்டருதானே, நீங்களே போங்க.”

எரிக் மரத்தில் மார்பை ஒட்டிக்கொண்டு காலை வைத்தார். மண் சரிந்தது. உருண்ட கல் அடியில் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவே இல்லை. அடுத்த அடி வைத்தால் சாவு, வைக்காவிட்டாலும் சாவு என்று தோன்றியது. “ஏசுவே, ஏசுவே” என்று முனகியபடி பட்டையை நகத்தால் பற்றிப் பற்றி நகர்ந்து, இந்தப் பக்கம் வந்து விழுந்தார்.

“அறுபது கிலோ!” என்றார் மூச்சிரைக்க.

சூத்திரத்துக்கு அண்ணாந்து பார்க்கும் தேவை இல்லாததால் அவர் பார்க்கவில்லை. போன வாரமே மங்கம்மா அந்த மரத்தை மொட்டையாகக் கழித்து ஆடுகளுக்குப் போட்டுவிட்டாள்.