அம்மா நோயாளியாக இருந்த கடைசிக் காலை

சடங்கில் வெட்டக் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது தம்பி தண்டி சேற்றில் விழுந்து இழுபட்டான். முழங்கையில் ரத்தம். எழுந்து சிரித்தான்.

“அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கணுமாம். மூணு வேளையும் சோறு கட்டிலுக்கே வருதுல்ல!”

கூடியிருந்த உறவினர்களில் சிலர் சிரித்தார்கள். பெரியம்மா லிம்பு சிரிக்கவில்லை.

“அவளுக்குப் போக மனசு இல்லடா. யாரோ அவளை நோகடிச்சிருக்கீங்க. போய்ச் சரி பண்ணுங்க. இல்லன்னா அடுத்த தடவை முழங்கையோட போகாது.”

நான் அம்மாவின் காலைத் தட்டோடு படியில் நின்றிருந்தேன். காப்பி சோற்றில் சிந்தியது.

நோகடித்தது நான்தான்.

எட்டு மாதமாக அம்மா தெற்கு அறையில் படுத்திருக்கிறாள். எங்கள் மலை வழக்கத்தில், மூச்சு நின்றாலும் சடங்கின் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும்வரை அவள் நோயாளிதான். சோறு வைப்போம், கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவோம். ஊசி போட வந்தவருக்கு, உடம்பு கெடாமல் வைக்கும் ஃபார்மலினை அளந்து கலந்து கொடுத்தது நான். அதன் சதவீதம் இன்றும் நினைவிருக்கிறது. அம்மாவிடம் மருந்து என்றுதான் சொன்னேன்.

போன வாரம் மக்காசார் நகரில் நான் வேலை பார்க்கும் குடிநீர் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. உடம்பு சரியில்லை என்றால் விடுப்பை நீட்ட மாட்டார்கள். “அம்மா செத்துட்டாங்க சார்” என்றேன். சொன்ன பிறகுதான், அவள் கட்டிலருகிலேயே நான் நிற்பது உறைத்தது. அன்றிலிருந்து முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

பிடித்து வந்த எருமைக்குப் புதுக் கயிறு கட்டினார்கள். தண்டி அதன் நுனியைக் கையில் சுற்றினான். இரண்டு சுற்று.

“கையில சுத்தாதடா!”

“நீ போய்த் தண்ணிய டெஸ்ட் பண்ணுக்கா. எருமைய நான் பாத்துக்கறேன்.”

அறைக்குள் போனேன். கட்டிலருகே மண்டியிட்டேன்.

“அம்மா, சாப்பாடு.”

தட்டைக் கீழே வைத்தேன். வெளியே எருமை தரையை உதைத்தது. யாரோ தண்டியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

“லீவுக்காகச் சொன்னேன்மா. உனக்கு உடம்புதான் சரியில்ல. நான் சொன்னது தப்பு. எங்கிட்ட கோவிச்சுக்கோ. அவனை விட்டுடும்மா.”

போர்வை அசையவில்லை. அசைந்துவிடுமோ என்று அதையே பார்த்தேன். கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

கனமான ஒரு சத்தம். தரைப் பலகை வழியாக அது என் முழங்காலுக்கு வந்தது. பிறகு தண்டியின் குரல்.

“விழுந்துடுச்சு பெரியம்மா! அசையாம நின்னுச்சு!”

மூச்சு விட்டேன். அடுத்த நொடிதான் உறைத்தது: அம்மா இனி நோயாளி இல்லை.

பெரியம்மா வாசலில் வந்து நின்றாள்.

“இப்ப சொல்லலாம்டி.”

“என்னத்த?”

“அன்னைக்குப் போன்ல நீ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சே, அதை.”

வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை.