விடுவிப்புக் கடிதம்

கடிதம் தயாராகத்தான் இருந்தது. ரோஸல் என்கிற ஆசிரியையை எங்கள் ஆங்கில அகாடமியிலிருந்து விடுவிக்கிறோம், அவர் வேறிடத்தில் வேலை பார்ப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டே வரி. கீழே சிவப்பு முத்திரை விழ வேண்டிய இடம் மட்டும் காலி. அகாடமியின் உரிமையாளர் மா அம்மையார் அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். பார்த்துக்கொள்ளலாம், எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காகிதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போனால் மார்ச் ஒன்றாம் தேதி ரோஸல் கொரியாவிலேயே ஜேசென் ஊரில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சேரலாம். போகாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. அவள் ஏப்ரல் கடைசி வரை இங்கேயே கிடந்துவிட்டு, விசா முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்றைக்குப் புதன்.

"உங்க இடத்துக்கு வர்ற புது டீச்சர் உங்ககிட்ட பேசிட்டுக் கையெழுத்துப் போடட்டும். நானும் முத்திரை போடறேன்" என்று மா அம்மையார் சொல்லிவிட்டார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ரோஸல் சண்டை பிடிக்கும் நிலையிலும் இல்லை. கோபமெல்லாம் வந்த முதல் மூன்று மாதத்துச் சமாச்சாரம். சேருவதற்கு முன் அகாடமி அனுப்பிய படத்தில் பெரிய ஜன்னலோடு ஒரு வீடு இருந்தது. அந்த வீடு இந்தச் சாங்ஜு ஊரில் எங்கேயோ இருக்கிறது, யாரோ குடியிருக்கிறார்கள். இவளுக்குக் கிடைத்தது அகாடமிக்கு மேல்மாடியில், பக்கத்துக் கட்டிடச் சுவரைப் பார்த்த ஓர் அறை. கதவுக்கு எண் பூட்டு. அந்த எண் மா அம்மையாருக்கும் தெரியும். இவள் வகுப்பில் இருக்கும்போது மேலே போய், அறைச் சூடு கூடுதலாக இருந்தால் குறைத்து வைத்து, காயப்போட்ட துணியை மடித்தும் வைத்துவிட்டு வருவார். எண்ணை ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். மறுநாளே பூட்டுக்காரன் வந்துவிட்டான்.

ஒப்பந்தத்தில் வாரத்துக்கு முப்பது மணி நேரப் பாடம் என்று இருந்தது. இங்கே ஒரு வகுப்பு நாற்பது நிமிஷம். முப்பது மணியை நிமிஷமாக்கி நாற்பதால் வகுத்தால் நாற்பத்தைந்து வகுப்பு. அந்தக் கணக்கை மா அம்மையார் கால்குலேட்டரில் போட்டுக் காட்டியபோது ரோஸலுக்கு அழுகை வந்தது. அழுகையும் ஒரு மாதம் ஓடி நின்றுபோனது. அப்புறம் ஒன்றுமில்லை. வாய் பாட்டுக்குப் பாடம் சொல்லும், கை பாட்டுக்குப் பிள்ளைகளின் நோட்டில் நட்சத்திரம் ஒட்டும். வாரக் கடைசியில் அம்மா போனில் கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்று பதிலும் அது பாட்டுக்கு வரும்.

ஆனாலும் வேறு வேலை தேடினாள். அது மனத்தில் தெம்பு இருந்து செய்ததல்ல, பல் தேய்ப்பதைப்போல ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு விண்ணப்பம். இருபத்தாறு இடம். பாதி இடங்களில் பேச்சு புகைப்படத்தோடு நின்றது. அவர்கள் எதிர்பார்த்த ஆங்கில டீச்சரின் நிறம் வேறு. ஜேசென் பள்ளி மட்டும் பாடம் எடுத்துக் காட்டச் சொன்னது. பிறகு, "இப்ப இருக்கிற வாத்தியார்கிட்ட பேசிக்கோங்க, இதுதான் நம்பர். நாங்க யாரும் இல்லாத நேரமாப் பாத்து கூப்பிடுங்க" என்றது. அந்த வாத்தியார் ஓர் அயர்லாந்துக்காரர். தெருவில் நடந்துகொண்டே முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் பள்ளிச் சாப்பாட்டில் வரும் மீனைத் திட்டினார். ஒரு மனிதர் தான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாகக் குறை சொல்ல முடிகிறது என்றதுமே ரோஸலுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

போன வருஷம் அவளும் இந்த அகாடமியைப் பற்றி இப்படி ஒருவரிடம் விசாரித்தவள்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே இருக்கும் டீச்சரோடு பேசு என்று வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிற எல்லாருக்கும் எல்லாரும் சொல்வார்கள். பேசினாள். அவளுக்கு முன்னால் இருந்த பையன் திரையில் வந்து, "பசங்க தங்கம். ஸ்டேஷன் பக்கத்துலயே" என்றான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவன் கண் ஒரு பக்கமாகப் போய் வந்தது. இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். மடத்தனம்தான், வேறென்ன.

மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மா அம்மையாரின் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்கள். தட்டில் உலர்ந்த சீமைப்பனிச்சம் பழம் வைத்திருந்தார். பத்து மாதத்தில் முதல் உபசாரம்.

பக்கத்தில் ஹேரின் உட்கார்ந்தாள். அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் கொரிய டீச்சர். மா அம்மையாருக்கு ஆங்கிலம் அரைகுறை, ஆகவே என்ன பேசினார்கள் என்று சொல்வது ஹேரின் வேலை. கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில்களை ஒரு தாளில் அடித்து வைத்திருந்ததும் அவள்தான்.

"ரோஸல் டீச்சர், கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க" என்றார் மா அம்மையார்.

திரையில் வந்தவள் இவள் இடத்துக்கு வரப்போகிற மெர்சியா. வயது நாற்பத்தாறு. ரோஸலின் ஊரான வூஸ்டருக்குப் பக்கத்தில் ஆஷ்டன் அவள் ஊர். அங்கே இப்போது காலை எட்டு மணி. தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு.

ஆங்கிலத்தில் விசாரணை மரியாதையாகத் தொடங்கியது.

"வீடு போட்டோல இருக்கற மாதிரியேதானா மேடம்?"

"வசதியாத்தான் இருக்கு. வகுப்புக்குப் பக்கத்துலயே" என்று தாளில் இருந்ததை ரோஸல் படித்தாள்.

"வேலை நேரமெல்லாம் ஒப்பந்தத்துல போட்டபடிதானே?"

"ஒப்பந்தத்துல போட்டபடிதான்." இது பொய்கூட இல்லை. கால்குலேட்டர் சாட்சி.

"பிள்ளைங்க எப்படி?"

"பசங்க தங்கம்" என்றாள் ரோஸல்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாய் என்று தெரிந்தது. போன வருஷத்துப் பையனின் அதே சொல், அதே தொனி. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மரத்துப்போன கன்னத்தில் பல் வைத்தியர் தட்டிக் கேட்பதுபோல மனத்தைத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

மெர்சியா நோட்டை மூடினாள். ஹேரினைப் பார்த்து ஒரு புன்னகை. "ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்க. எங்க வீட்டு மொழில நாலு வார்த்தை பேசிக்கலாமா? ஊர்க்காரங்களைப் பாத்தா பேசாம இருக்க முடியல."

ஹேரின் மொழிபெயர்த்தாள். மா அம்மையார் பூரித்துப் போனார். ஊர்ப் பாசம் வந்தால் கையெழுத்து வந்த மாதிரிதானே.

மெர்சியா ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஆரம்பித்தாள். முகத்தில் அதே புன்னகை.

"புள்ள, சிரிச்ச மூஞ்சியை மாத்தாத. பக்கத்துல முதலாளியம்மாவா?"

பத்து மாதமாக யாரும் ரோஸலைப் புள்ள என்று கூப்பிடவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடிதம் தெரிந்தது. ஆமாம் ஆன்ட்டி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை கடிதத்தோடு பஸ் ஏறிவிடலாம்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள். அப்புறம் வாய் நிற்கவில்லை. "நான் சொன்னது எதுவும் நம்பாதீங்க. போட்டோல இருக்கறது வேற யாரோட வீடோ. முப்பதுன்னு போட்டு நாப்பத்தஞ்சு வகுப்பு வாங்குவாங்க. நாம இல்லாதப்ப ரூமுக்குள்ள வந்து போவாங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் என்னை விடுவாங்க, அதான் இங்க உக்கார வெச்சிருக்காங்க. போடாதீங்க ஆன்ட்டி."

சொல்லி முடிக்கும்வரை அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஜேசென் போயிற்று என்று தெரிந்தது. அதற்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

"என்ன பேசறாங்க?" என்று மா அம்மையார் ஹேரினைக் கேட்டார்.

ஹேரினுக்கு ஆஃப்ரிகான்ஸ் ஒரு எழுத்தும் தெரியாது. ரோஸலின் முகத்தைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் தன் முழங்காலையே பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிக்கறாங்க மேடம்" என்றாள்.

"நல்லது, நல்லது. விசாரிக்கட்டும்."

திரையில் மெர்சியா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "நீ தாளைப் பாத்துப் படிக்கும்போதே தெரியும். பத்தொம்பது வருசம் எட்டாங்கிளாஸ் மேய்ச்சவகிட்ட காப்பியடிச்சு மாட்டாம போக முடியுமா?"

"அப்புறம் எதுக்கு ஆன்ட்டி..."

"ஒரே பள்ளிக்கூடம். எல்லா வருசமும் தற்காலிகம்தான். ரெண்டு வருசம் முன்னாடி அந்த இடத்தையே எடுத்துட்டாங்க. இப்ப பீச் பழம் டின்ல போடற ஃபேக்டரில சீசனுக்கு நிக்கறேன். முப்பத்தொம்பது இடத்துக்கு எழுதினேன். வயசைக் கேட்டா போனை வெச்சிடறாங்க, போட்டோவைப் பாத்தா பதிலே இல்ல. வான்னு சொன்னது இந்தம்மா ஒருத்திதான். மோசம்னு சொல்லிட்ட, சந்தோசம். தெரிஞ்சே வரேன், ஏமாந்து வரல. அது வேற."

"ஆன்ட்டி, வேணாம்."

"ராத்திரி உள்ள இருக்கும்போது கதவு பூட்டுமா? அதை மட்டும் சொல்லு."

"பூட்டும். ராத்திரி யாரும் வந்ததில்ல."

"அது போதும். நாப்பத்தஞ்சு வகுப்பு ஒண்ணும் என்னைக் கொன்னுடாது. எங்க போற நீ? நல்ல இடமா?"

"நல்ல இடம் ஆன்ட்டி. கவர்மென்ட் ஸ்கூல். இருபத்திரண்டு வகுப்புதான்."

"அந்த காண்ட்ராக்டை போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு. நல்லதுன்னா எப்படி இருக்கும்னு நானும் ஒரு தடவை பாத்து வெச்சுக்கறேன். அடுத்த வருசம் கேக்கத் தெரியணும்ல." உடனே குரலை மாற்றி ஆங்கிலத்துக்கு வந்தாள். "ரொம்ப நன்றி மேடம். உங்க அகாடமில சேர எனக்குச் சம்மதம்."

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ரோஸல் கீழே போய் மூன்று வகுப்பு எடுத்தாள். ஆறு மணி இடைவேளைக்குள் ஆஷ்டன் நூலகத்திலிருந்து மெர்சியா கையெழுத்துப் போட்ட தாள்கள் மெயிலில் வந்து சேர்ந்திருந்தன. மா அம்மையார் கண்ணாடியைத் தூக்கி, கடிதத்தை எடுத்து, முத்திரையை மையில் ஒற்றி, அழுத்தி வைத்து, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். சொன்ன சொல் தவறாதவர்.

"நல்ல ஆளாப் புடிச்சுக் குடுத்தீங்க" என்றார்.

ஹேரின் படிக்கட்டு வரை கூட வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "குளிரா இருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கோங்க டீச்சர்" என்றதோடு திரும்பிவிட்டாள்.

ரோஸல் மேலே போய் ஜேசென் ஒப்பந்தத்தைப் படுக்கையில் பரப்பினாள். ஏழு பக்கம். ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினாள். ஏழாவது போய்ச் சேர்ந்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

போனில் மெர்சியாவின் குரல் பதிவு வந்தது. பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"நாலாம் பக்கம் பாத்தேன். உடம்பு சரியில்லைன்னா சம்பளத்தோட பதினோரு நாள் லீவா? நெசமாவா?" "இது நீ சண்டை போட்டு வாங்கினதா புள்ள, இல்ல அவங்களே போட்டுக் குடுத்ததா?"

ரோஸல் பதில் அடித்தாள். அவங்களே போட்டதுதான் ஆன்ட்டி. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோது மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத அழுகை மளமளவென்று வந்தது. தன் நல்ல காலத்தை நினைத்து வந்த அழுகை இல்லை அது. யாரிடமும் எதுவும் கெஞ்சாமல் இப்படி ஒரு காகிதம் உலகத்தில் ஒருவருக்குக் கிடைக்கலாம் என்பது நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்பதற்கு வந்தது. அழுதபடியே பொத்தானை அழுத்தினாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு இறங்கினாள்.